மக்ரோனியும் மாவுச்சத்தும்: ஒரே பாத்திரத்தில் ஓர் இரவுச் சமையல்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், வேதியியல் மாணவி)

விருந்துச் சமையலைப் பற்றி எழுதுவோர் பலர். வேலை நாளின் இரவுச் சமையலைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலர். ஆனால் ஆண்டின் 365 நாட்களில் விருந்து நாட்கள் எத்தனை? விரல் விட்டு எண்ணிவிடலாம். எஞ்சிய நாட்களிலெல்லாம் மாலை ஆறு, ஏழு மணிக்கு வீடுதோறும் எழும் கேள்வி ஒன்றே: “ராத்திரிக்கு என்ன?” அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் ஒரு பெண். வயலிலிருந்தோ, ஆலையிலிருந்தோ, அலுவலகத்திலிருந்தோ அவர் அப்போதுதான் திரும்பியிருப்பார்.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சு அன்று. இந்தியத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டில் நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்றை நடத்தியது. ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களைச் செலவிடுகின்றனர் என்றும், அவ்வாறு ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களைச் செலவிடுகின்றனர் என்றும் அது கூறியது. பெண்களுக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம்! அதில் அடுப்படி பெறும் பங்கு எவ்வளவு என்பதை நம் வீடுகளைப் பார்த்தே நாம் அறிந்துகொள்ளலாம்.

ஆகவே ஒரு சமையல் முறையை மதிப்பிடும்போது சுவை, செலவு, சத்து என்னும் மூன்றோடு நான்காவதாக ஒன்றையும் கணக்கிட வேண்டும் என்பது என் கருத்து. அதை ‘நிற்கும் நேரம்’ என்று அழைக்கலாம். அடுப்பருகே ஒருவர் நின்று, கிளறி, கவனித்தாக வேண்டிய நேரமே அது. ஓர் உணவு வேக ஒரு மணி நேரம் ஆனாலும், நிற்கும் நேரம் பதினைந்து நிமிடமே என்றால், அது எளிய சமையல். அரை மணியில் வெந்துவிடும் உணவே ஆயினும், அந்த அரை மணியும் கரண்டியை விடாது பிடித்திருக்க வேண்டும் என்றால், அது கடினமான சமையல்.

இந்த அளவுகோலில் நன்றாகத் தேறும் உணவுகளில் ஒன்று, பாலும் சீஸும் சேர்த்து ஓவனில் வேகவைக்கும் மக்ரோனி. ‘பேக்டு பாஸ்டா’ என்று இக்காலத்து உணவகங்களில் விலையுயர்ந்த பண்டமாக விற்கப்படும் இது, உண்மையில் மேலைநாட்டு உழைக்கும் குடும்பங்களின் வேலை நாள் உணவு. அதன் வரலாற்றையும், அதனுள் நிகழும் வேதியியலையும், செய்யும் முறையையும் சுருக்கமாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மக்ரோனி பிறந்த கதை

பாஸ்டா என்பது இத்தாலிய மொழிச் சொல். பிசைந்த மாவு என்பது அதன் பொருள். குழல், சங்கு, வில், நாடா, கம்பி எனப் பல வடிவங்களில் அது வருகிறது. வளைந்த சிறு குழல்களையே நாம் மக்ரோனி என்கிறோம்.

மார்க்கோ போலோ சீனாவிலிருந்து பாஸ்டாவை இத்தாலிக்குக் கொண்டுவந்தார் என்று பலரும் நம்புகின்றனர். இது கட்டுக்கதை. அவர் வெனிஸ் நகருக்குத் திரும்பியது 1295இல். அதற்கு முன்பே, 1154இல், அல்-இத்ரீசி என்னும் அரபுப் புவியியல் அறிஞர், சிசிலித் தீவில் திராபியா என்னும் ஊரில் மாவினால் நூலிழை போன்ற உணவு செய்யப்பட்டுக் கப்பல்களில் அனுப்பப்படுவதை எழுதிவைத்தார். ஜெனோவா நகரில் 1279இல் எழுதப்பட்ட ஒரு சொத்துப் பட்டியலில் ஒரு பெட்டி நிறைய மக்ரோனி இடம்பெற்றுள்ளது. மார்க்கோ போலோ கதையைப் பரப்பியது 1929இல் அமெரிக்க மக்ரோனி வணிகர்களின் இதழ் ஒன்று என்பது வேடிக்கையான செய்தி. விளம்பரம் வரலாற்றை எப்படி விழுங்குகிறது பாருங்கள்!

உலர்ந்த பாஸ்டாவின் உயிர், டியூரம் என்னும் கடின வகைக் கோதுமை. நம் நாட்டிலும் மத்தியப் பிரதேசத்தின் மாளவப் பகுதியில் அது விளைகிறது. அரைத்தால் மென்மையான மாவாகாமல் மஞ்சள் நிற ரவையாக உடையும் தன்மை கொண்டது. உலர்ந்த பாஸ்டாவை டியூரம் கோதுமையில் மட்டுமே செய்ய வேண்டும் என்று இத்தாலியில் 1967இல் சட்டமே இயற்றப்பட்டது. நேப்பிள்ஸ் நகருக்கு அருகிலுள்ள கிராஞ்ஞானோ என்னும் சிற்றூர், கடற்காற்றில் பாஸ்டாவை உலர்த்தியே உலகப் புகழ் பெற்றது.

ஓவனில் ஏறிய கதை

எலிசபெத் ராஃபால்டு என்னும் ஆங்கிலப் பெண்மணி 1769இல் வெளியிட்ட சமையல் நூலில் மக்ரோனியைப் பார்மிசான் சீஸுடன் சமைக்கும் முறை உள்ளது. அமெரிக்காவில் இவ்வுணவு குடியரசுத் தலைவர் மாளிகையின் வழியாகவே புகழ் பெற்றது. தாமஸ் ஜெபர்சன் 1802 பிப்ரவரியில் அளித்த விருந்தில் ‘மக்ரோனி’ என்னும் பணியாரம் பரிமாறப்பட்டது. அதை உண்ட மனாசே கட்லர் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர், அது தமக்குப் பிடிக்கவில்லை என்று தம் நாட்குறிப்பில் எழுதினார்.

இந்த வரலாற்றில் மறக்கக்கூடாத பெயர் ஒன்று உண்டு. ஜெபர்சன் 1784இல் பிரான்சு நாட்டுக்குச் சென்றபோது, தம்மிடம் அடிமையாக இருந்த ஜேம்ஸ் ஹெமிங்ஸ் என்னும் கறுப்பின இளைஞரைப் பிரெஞ்சுச் சமையல் கற்பதற்காக உடன் அழைத்துச் சென்றார். கற்றுத் தேர்ந்து திரும்பிய ஹெமிங்ஸுக்கு 1796இல்தான் விடுதலை கிடைத்தது. அதுவும், தம் தம்பி பீட்டருக்குச் சமையற்கலை முழுவதையும் கற்பித்துத் தமக்குப் பதிலாக நிறுத்திய பின்னரே கிடைத்தது. உண்டவர் பெயரை நாட்குறிப்பு காக்கிறது. அடுப்பருகே நின்றவர் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

பொருளாதார மந்தத்தால் அமெரிக்க மக்கள் வாடிய காலத்தில், 1937இல், கிராஃப்ட் நிறுவனம் மக்ரோனியையும் சீஸ் தூளையும் ஒரே பெட்டியில் அடைத்து 19 சென்ட் விலைக்கு விற்றது. ஒரு பெட்டி நால்வருக்குப் போதும் என்பது அதன் விளம்பரம். இரண்டாம் உலகப் போரின்போது ஆண்கள் போர்க்களத்திலும் பெண்கள் தொழிற்சாலைகளிலும் இருந்தனர். இறைச்சியும் பால்பொருள்கள் சிலவும் பங்கீட்டில் கிடைத்தன. அப்போது மாளிகை விருந்தான மக்ரோனி, உழைப்பாளர் வீட்டு இரவு உணவாகிவிட்டது.

பாத்திரமும் ஓர் அறிவியலே

ஒரே பாத்திரச் சமையல் என்றால், சமைக்கும் பாத்திரமே பரிமாறும் பாத்திரம் ஆகும். கழுவ வேண்டியதும் அது ஒன்றே. அதற்கு ஏற்ற கண்ணாடிப் பாத்திரம் பிறந்த கதை சுவையானது.

சாதாரணக் கண்ணாடியைச் சூடாக்கித் திடீரெனக் குளிரவைத்தால் விரிசல் விடும். சூடான விளக்குக் கண்ணாடியின்மீது மழைத்துளி பட்டால் உடைந்துபோவது இதனால்தான். ஒரு பக்கம் சுருங்க, மறுபக்கம் விரிந்தே இருப்பதால் ஏற்படும் இழுவிசையே காரணம். கண்ணாடியில் போரான் ஆக்சைடைச் சேர்த்தால் வெப்பத்தால் விரியும் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. இதுவே போரோசிலிக்கேட் கண்ணாடி.

அமெரிக்காவில் கார்னிங் கண்ணாடி நிறுவனத்தில் பணியாற்றிய ஜெசி லிட்டில்டன் என்னும் இயற்பியலாளரின் மனைவி பெஸ்ஸி, 1913இல் தம் மண்பாத்திரம் உடைந்துவிட்டதால், “உங்கள் ஆய்வகத்தில் சூடு தாங்கும் கண்ணாடி இருக்கிறதல்லவா, அதைக் கொண்டு வாருங்கள்” என்றாராம். அவர் மின்கலச் சாடி ஒன்றின் அடிப்பகுதியை அறுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். அதில் அம்மையார் கேக் செய்து காட்டினார். அதன் விளைவாக 1915இல் பைரெக்ஸ் பாத்திரங்கள் விற்பனைக்கு வந்தன. நம் வேதியியல் ஆய்வகத்தில் நாள்தோறும் நாம் கையாளும் பீக்கரும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததே. (ஆய்வகப் பீக்கரில் யாரும் சமைத்துவிட வேண்டாம்! அதில் முன்பு என்ன இருந்தது என்பதை நாம் அறிவோம்.)

கண்ணாடிப் பாத்திரம் இல்லையெனில் கவலை வேண்டாம். கனமான எவர்சில்வர் பாத்திரமோ, பீங்கான் பாத்திரமோ போதும். ஓவனில் வைக்கும் பாத்திரத்தில் பிளாஸ்டிக், மரக் கைப்பிடிகள் மட்டும் இருக்கக்கூடாது.

க்ரீம் இல்லாத குழைவு

இனி இக்கட்டுரையின் மையக் கருத்துக்கு வருவோம். உணவகங்களில் கிடைக்கும் இவ்வுணவு, நாவில் வெண்ணெய்போல் வழுவழுப்பாக இருக்கும். நிறைய க்ரீம் ஊற்றியிருப்பார்கள் என்று எண்ணத் தோன்றும். ஆனால் க்ரீம் ஒரு துளியும் இல்லாமலே அந்தக் குழைவைப் பெறலாம். அந்தக் குழைவின் மூலப்பொருள் மக்ரோனிக்குள்ளேயே இருக்கிறது. அதுதான் மாவுச்சத்து.

சேமியாப் பாயசத்தை எண்ணிப் பாருங்கள். தண்ணீர்போல் ஓடும் பாலில் சேமியாவைப் போட்டு வேகவிட்டால், சற்று நேரத்தில் பால் கெட்டிப்படுகிறது. யாரும் அதில் மாவு கரைத்து ஊற்றுவதில்லை. பிறகு கெட்டித்தன்மை எங்கிருந்து வந்தது? சேமியாவிலிருந்து பாலுக்குள் இறங்கிய மாவுச்சத்திலிருந்துதான் வந்தது. அதே நிகழ்ச்சியே மக்ரோனியிலும் நடைபெறுகிறது.

உலர்ந்த பாஸ்டாவில் ஏறத்தாழ 70 விழுக்காடு மாவுச்சத்தும், 12 முதல் 14 விழுக்காடு புரதமும் உள்ளன. புரதத்தின் பெரும்பகுதி குளூட்டன். ரவையில் நீர் விட்டுப் பிசையும்போது குளூட்டன் ஒரு வலையைப் போலப் பின்னிக்கொள்கிறது; மாவுச்சத்துத் துகள்கள் மீன்களைப் போல அந்த வலைக்குள் அகப்படுகின்றன. பாஸ்டா சூடான நீரில் வேகும்போது இரண்டு செயல்கள் ஒருங்கே நிகழ்கின்றன. புரத வலை இறுகுகிறது. ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் மாவுச்சத்துத் துகள்கள் நீரை உறிஞ்சி ஊதிப் பெருக்கத் தொடங்குகின்றன. வலை வலுவாக இருந்தால் துகள்கள் உள்ளேயே நிற்கும்; மக்ரோனி உருக்குலையாது. மேற்பரப்பில் உள்ள மாவுச்சத்து மட்டும் வெளியேறி, அமைலோஸ் என்னும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளைச் சுற்றியுள்ள நீர்மத்தில் கலக்கிறது. இச்சங்கிலிகள் நீரின் ஓட்டத்தைத் தடுப்பதால் நீர்மம் கெட்டியாகிறது. டியூரம் கோதுமையில் செய்யாத மலிவான மைதா மக்ரோனி ஏன் களியாகிவிடுகிறது என்பதும் இப்போது விளங்கும். அதில் வலை வலுவற்றது.

வழக்கமான முறையில் மக்ரோனியை நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள். பிறகு வேறொரு பாத்திரத்தில் வெண்ணெயில் மைதாவை வறுத்துப் பால் ஊற்றி, கட்டி தட்டாமல் கிளறி, ‘பெஷமெல்’ என்னும் வெண்குழம்பு செய்வார்கள். பதினான்காம் லூயி மன்னரின் அரண்மனை அதிகாரியாக இருந்த லூயி த பெஷமேய் என்பவரின் பெயரால் வழங்குவது அது. மன்னர் வீட்டில் கிளறுவதற்கு ஆட்கள் இருந்தனர். நம் வீட்டில் இல்லை! சிந்தித்துப் பார்த்தால், ஒரு பாத்திரத்திலிருந்து மாவுச்சத்தைக் கொட்டிவிட்டு, மற்றொரு பாத்திரத்தில் மாவுச்சத்தைச் சேர்க்கிறோம். வேகவைக்க ஒன்று, வடிக்க ஒன்று, குழம்புக்கு ஒன்று, ஓவனில் வைக்க ஒன்று என நான்கு பாத்திரங்கள் கழுவக் கிடக்கின்றன.

நம் ஊரில் சோறு வடிப்பதற்கும் பொங்குவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. வடித்தால் கஞ்சி தனியாகப் போகிறது. அளவாகத் தண்ணீர் வைத்துப் பொங்கினால் எல்லாம் பாத்திரத்திலேயே நிற்கிறது. மக்ரோனியை வடிக்காமல் பொங்க வேண்டும். அவ்வளவே இரகசியம்!

தேவையான பொருள்கள்

மூவர் வயிறார உண்ணப் பின்வரும் அளவுகள் போதும்.

டியூரம் ரவை மக்ரோனி – 200 கிராம்
பால் – 500 மில்லிலிட்டர்
தண்ணீர் – 200 மில்லிலிட்டர்
மைதா – 10 கிராம் (ஒரு மேசைக்கரண்டி)
வெண்ணெய் – 20 கிராம்
துருவிய சீஸ் – 100 கிராம்
பொடியாக நறுக்கிய கேரட், பீன்ஸ், பச்சைப் பட்டாணி – 150 கிராம்
பெரிய வெங்காயம் – 1
பூண்டு – 4 பல்
மிளகுத் தூள் – அரைத் தேக்கரண்டி
உப்பு – அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு (சீஸில் ஏற்கெனவே உப்பு உண்டு)

பாத்திரம் இரண்டு லிட்டர் கொள்ளளவாவது இருக்க வேண்டும். பால் பொங்கும் இயல்புடையது. எனவே பாத்திரம் பாதிக்கு மேல் நிறையக்கூடாது.

செய்முறை

ஓவனை 190 டிகிரி செல்சியஸில் வைத்துப் பத்து நிமிடம் காயவிடுங்கள். அது காய்வதற்குள் காய்கறிகளை நறுக்கிவிடலாம்.

மைதாவைக் கால் தம்ளர் ஆறிய பாலில் கட்டியின்றிக் கரைத்துக்கொள்ளுங்கள். கேழ்வரகுக் கூழுக்கு மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றுவது நாம் அறிந்ததே. மாவைச் சூடான பாலில் நேராகப் போட்டால் ஒவ்வோர் உருண்டையின் வெளிப்புறமும் உடனே வெந்து பசையாகி, உள்ளே நீர் புகாமல் தடுத்துவிடும். கட்டி தட்டுதல் என்பது இதுவே.

எஞ்சிய பாலையும் தண்ணீரையும் நன்றாகச் சூடாக்கிக்கொள்ளுங்கள். பாத்திரத்தில் வெண்ணெய் தடவி, மக்ரோனி, காய்கறி, வெங்காயம், நசுக்கிய பூண்டு, உப்பு, மிளகுத் தூள் ஆகியவற்றைப் பரப்புங்கள். கரைத்த மைதாவைச் சூடான பாலில் கலந்து அதன்மேல் ஊற்றுங்கள். மக்ரோனி முழுவதும் மூழ்கியிருக்க வேண்டும். கண்ணாடிப் பாத்திரமானால் அது குளிர்ந்ததாக இருக்கக்கூடாது. வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்துக்கொள்வது நல்லது.

பாத்திரத்தை மூடியாலோ அலுமினியத் தாளாலோ இறுக மூடி ஓவனில் வையுங்கள். முப்பது நிமிடம் கழித்து எடுத்து, ஒருமுறை அடிவரை கிளறி, பாதிச் சீஸை உள்ளே கலந்து, மீதியை மேலே தூவி, இம்முறை மூடாமல் மீண்டும் பதினைந்து நிமிடம் வையுங்கள். மேற்பரப்பு பொன்னிறமானதும் எடுத்துப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். எடுத்தவுடன் சற்று நீர்த்திருப்பதுபோல் தோன்றும்; ஆற ஆறக் கெட்டிப்படும். சூடான கண்ணாடியை ஈரத் தரையிலோ கருங்கல் மேடையிலோ வைக்காமல் மரப்பலகையின்மீது வையுங்கள்.

சில ‘ஏன்’கள்

முதலில் ஏன் மூட வேண்டும்? ஓவனின் காற்று வறண்டது. மூடாவிட்டால் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மக்ரோனி வேகாமலே காய்ந்து கல்லாகிவிடும். மூடினால் எழும் ஆவி மூடியில் பட்டு நீராகித் திரும்ப விழுகிறது.

பிறகு ஏன் திறக்க வேண்டும்? ஓவனின் வெப்பம் 190 டிகிரி ஆயினும், நீர் இருக்கும்வரை உணவின் உட்பகுதி ஏறக்குறைய 100 டிகிரியைத் தாண்டாது. நீர் வற்றிய மேற்பரப்புதான் அதற்கு மேல் சூடேறும். அப்போது பாலிலும் சீஸிலும் உள்ள சர்க்கரையும் புரதமும் வினைபுரிந்து பொன்னிறத்தையும் மணத்தையும் தருகின்றன. லூயி காமில் மெயார் என்னும் பிரெஞ்சு அறிவியலார் 1912இல் விளக்கிய வினை இது. தோசையின் முறுகலிலும் அதே வினைதான் மணக்கிறது.

ஓவனில் ஏன் கிளறத் தேவையில்லை? அடுப்புத் தீ பாத்திரத்தின் அடியை மட்டும் சுடுகிறது, ஆகவே அடிப்பிடிக்கிறது. ஓவன் எல்லாப் பக்கமும் சமமாகச் சுடுகிறது. கரண்டி செய்யும் வேலையைச் சூடான காற்று செய்துவிடுகிறது. நிற்கும் நேரம் குறைவதன் காரணம் இதுவே.

தக்காளி சேர்க்கலாமா? பாலுடன் கூடாது. பாலில் உள்ள கேசீன் என்னும் புரதம் அமிலம் பட்டால் திரியும். சூடு இருந்தால் இன்னும் விரைவில் திரியும். விருப்பமானால் தக்காளியைத் தனியே நறுக்கி உண்ணும்போது தொட்டுக்கொள்ளலாம்.

சீஸுக்குப் பதில் பன்னீர் போடலாமா? போடலாம், ஆனால் உருகாது. சீஸில் கேசீன் மூலக்கூறுகளைக் கால்சியம் பிணைத்து வைத்திருக்கிறது. சூட்டில் அப்பிணைப்பு தளர்ந்து சீஸ் இளகி ஓடுகிறது. பன்னீரோ எலுமிச்சை போன்ற அமிலத்தால் திரிக்கப்பட்டது. அமிலம் கால்சியத்தைக் கரைத்து வெளியேற்றிவிடுவதால் புரதங்கள் ஒன்றோடொன்று நேராக ஒட்டிக்கொள்கின்றன. எவ்வளவு சூடாக்கினாலும் இளகுவதில்லை. ஆகவே பன்னீரைக் காய்கறியைப்போல் துண்டுகளாகச் சேர்க்கலாம். குழைவுக்கு அது உதவாது.

மிச்சமானால் என்ன செய்வது? ஆறிய கஞ்சி கட்டியாவதுபோல் இதுவும் கட்டியாகும். விலகியிருந்த மாவுச்சத்துச் சங்கிலிகள் மீண்டும் அணிவகுத்து நீரை வெளியேற்றுவதே காரணம். கால் தம்ளர் பால் தெளித்து மூடிச் சூடாக்கினால் மீண்டும் இளகும்.

ஓவன் இல்லாத வீட்டில்

எங்கள் வீட்டில் ஓவன் இல்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம்தான் இம்முறையைக் கற்றுக்கொண்டேன். நம் மாணவ மாணவியரில் பலர் வீடுகளிலும் அது இராது என்பதால், அடுப்பில் செய்யும் முறையையும் கூறிவிடுகிறேன்.

அடிகனமான பாத்திரத்தில் பால் கலவையைக் கொதிக்கவைத்து, மக்ரோனியையும் காய்கறிகளையும் போட்டு மூன்று நிமிடம் கிளறுங்கள். பிறகு அடுப்பில் தோசைக்கல்லை வைத்து, அதன்மேல் பாத்திரத்தை மூடி வைத்து, தீயைச் சிறிதாக்குங்கள். பிரியாணிக்கு ‘தம்’ போடும் உத்தியே இது. தோசைக்கல் தீயின் சூட்டைப் பரப்பிக் கொடுப்பதால் அடிப்பிடிப்பது குறையும். இருபது நிமிடத்தில் இரண்டே முறை திறந்து கிளறினால் போதும். தீயை அணைத்து, சீஸ் கலந்து, ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். பொன்னிற மேற்பரப்பு மட்டும் கிடைக்காது. அதற்கு ஈடாக, இரண்டு ரஸ்குகளை நொறுக்கிச் சிறிது வெண்ணெயில் வறுத்து மேலே தூவினால் மொறுமொறுப்பு கிடைத்துவிடும்.

சத்தும் செலவும்

மேற்கூறிய அளவில் மக்ரோனியிலிருந்து ஏறத்தாழ 24 கிராம், பாலிலிருந்து 16 கிராம், சீஸிலிருந்து 20 கிராம் என மொத்தம் 60 கிராம் புரதம் கிடைக்கிறது. மூவருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 20 கிராம். கோதுமைப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலத்தைப் பால் புரதம் நிறைவு செய்கிறது. நார்ச்சத்து மட்டும் குறைவு. ஆகவே காய்கறியைக் குறைக்காதீர்கள்.

சீஸ் விலை கூடுதல் என்பது உண்மை. இதை நாள்தோறும் செய்யச் சொல்லவில்லை. வாரத்தில் ஒருநாள் போதும். சீஸின் அளவைப் பாதியாக்கினாலும் குழைவு பெரிதும் குறையாது. குழைவைத் தருவது மாவுச்சத்து அல்லவா? சிறிய மின் ஓவன் 1500 வாட் திறனுடையது என்று கொண்டால், ஒரு மணி நேரத்துக்கு மிகுதியாகப் போனால் ஒன்றரை யூனிட் மின்சாரம் செலவாகும்.

முடிவுரை

இனி நிற்கும் நேரத்தைக் கணக்கிடுவோம். நறுக்கவும் கலக்கவும் பதினைந்து நிமிடம். நடுவில் கிளறி மூடியைத் திறக்க இரண்டு நிமிடம். எஞ்சிய முக்கால் மணி நேரம் ஓவனுடையது, நம்முடையது அன்று. அந்நேரத்தில் காலை நீட்டி உட்காரலாம், நாளிதழ் படிக்கலாம், பிள்ளையின் வீட்டுப் பாடத்தைப் பார்க்கலாம். கழுவவேண்டியது ஒரு பாத்திரமும் பால் காய்ச்சிய கிண்ணமுமே.

இவ்வுணவின் சிறப்பு இன்னொன்றும் உண்டு. இதற்குக் கைப்பக்குவம் தேவையில்லை. அளவும் நேரமும் தெரிந்தால் போதும். குழம்பு கூட்டுவது பல ஆண்டுப் பழக்கத்தால் வருவது. ஆனால் 200 கிராம், 700 மில்லிலிட்டர், 190 டிகிரி, 45 நிமிடம் என்பவற்றை யார் வேண்டுமானாலும் படித்துச் செய்யலாம். பத்தாம் வகுப்பில் படிக்கும் என் தம்பி, நான் தாளில் எழுதிக் கொடுத்த தோசைக்கல் முறையைப் பார்த்து, யார் துணையுமின்றிச் செய்துவிட்டான். “பையனுக்கு எதற்கு அடுப்படி?” என்று கேட்ட என் தாயார், அன்று வேலையிலிருந்து வந்து உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே சாப்பிட்டார்.

ஆய்வகத்தில் அளந்து, சூடாக்கி, நேரம் குறித்துச் சோதனை செய்யத் தெரிந்த நம் கல்லூரி மாணவர்களுக்கு இது கடினமான காரியமா? 299க்கும் 97க்கும் இடையிலுள்ள தொலைவு சட்டத்தால் மட்டும் குறைந்துவிடாது, வாரத்தில் ஓர் இரவேனும் வீட்டிலுள்ள ஆண்பிள்ளைகள் “ராத்திரிக்கு என்ன?” என்று கேட்பதை விடுத்து, “ராத்திரிக்கு நான் செய்கிறேன்” என்று சொன்னால் குறையத் தொடங்கும். நாம் கற்கும் அறிவியல் தேர்வுத் தாளோடு நின்றுவிடாமல், நம்மைப் படிக்கவைத்தவர்களின் கால்களுக்குச் சற்று ஓய்வு தருமானால், அதுவே நம் பட்டத்தின் முதற் பயனாகும்.